நேம்சர்வர் (டொமைன் எந்த ஐபில இருக்குன்னு சொல்ற சர்வர்) மாத்தினதுலேர்ந்து சைட் சிலருக்கு வருது, சிலருக்கு வரல – அவசரம்

கோடும்_நிறமும்
யாராவது பாருங்க ப்ளீஸ். க்ளையண்ட் டொமைனை நேத்து புது ஹோஸ்டிங்குக்கு மாத்தினேன். சைட் சில பேருக்கு நல்லா வருது, சில பேருக்கு வரவே மாட்டேங்குது. கேஷ் க்ளியர் பண்ணியாச்சு, ப்ரௌசர் மாத்தியாச்சு. நாளைக்குக் காலைல லாஞ்ச்.

தறிநூல்
ப்ரொபகேஷன் ப்ரோ, மாத்தினது உலகம் பூரா பரவ நேரம் ஆகும். 48 மணி நேரம் விடுங்க, தானா சரியாயிடும்.

அலைவரிசை
“வரல”ன்னா என்ன வருது? பழைய சைட்டா, வெள்ளைப் பக்கமா, எரரா? டொமைன் என்ன, .காமா .டெவ்வா? .டெவ்வா இருந்தா எஸ்எஸ்எல் சான்றிதழ் இல்லாம ப்ரௌசர் திறக்கவே திறக்காது. .டெவ்னு முடியற எல்லாப் பேரையும் ப்ரௌசருக்குள்ளயே பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் மட்டும்னு எழுதி வச்சிருக்காங்க.

தொன்மை_வலை
கேள்வி கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. எதை மாற்றினீர்கள், எங்கே மாற்றினீர்கள், என்ன பிழைச் செய்தி வருகிறது என்று ஒன்றுமே இல்லை. டிசைன் டூலில் நாலு செவ்வகம் வரையத் தெரிந்தவர்கள் எல்லாம் டொமைனில் கை வைப்பதால் வருகிற வினை இது. அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.

பொத்தான்
ஐபிவி6 (புது வகை ஐபி முகவரி) பாருங்க சகோ. ஐபிவி4க்கான ஏ ரெக்கார்டை மட்டும் மாத்திட்டு, ஐபிவி6க்கான ஏஏஏஏ ரெக்கார்டைப் பழைய ஐபிலயே விட்டிருப்பீங்க. மொபைல் நெட்வொர்க் ஐபிவி6லதான் போகும். நான் பார்த்த கேஸ்ல பாதி இதுதான்.

கோடும்_நிறமும்
.காம்தான். நேம்சர்வர் ரெண்டையும் மாத்தினேன், ரெக்கார்டெல்லாம் புது இடத்துல சரியா இருக்கு. ஏஏஏஏ ரெக்கார்டு எப்பவுமே இருந்ததில்ல. எரர்ல “நேம் நாட் ரிசால்வ்டு”ன்னு வருது. என் மொபைல் டேட்டால வருது, வீட்டு வைஃபைல வரல. மெயிலும் சில பேர் அனுப்பினா வரலன்னு க்ளையண்ட் சொல்றார்.

தறிநூல்
அதான் சொல்றேனே, ப்ரொபகேஷன்.

முகவரிக்காரன்
தறிநூல், அப்படி உலகம் பூரா எதுவும் பரவறதில்ல. அங்கங்க கேஷ்ல இருக்கறது காலாவதி ஆகுது, அவ்வளவுதான். .காம்ல நேம்சர்வர் ரெக்கார்டோட டிடிஎல், அதாவது கேஷ்ல வச்சிருக்கற நேரம், 1,72,800 செகண்ட், அதுதான் நீங்க சொல்ற 48 மணி நேரம். ஆனா கேஷ்ல பழைய நேம்சர்வர் இருக்கறவங்களுக்குப் பழைய சைட்தானே வரணும்? பேரே கிடைக்கலன்னு ஏன் வருது?

கோடும்_நிறமும், ரெண்டு விஷயம் சொல்லுங்க. பழைய ஹோஸ்டிங் இன்னும் ஓடுதா? வீட்டு ரூட்டர்ல டிஎன்எஸ் ரிசால்வர் (டொமைன் பேருக்கு ஐபி தேடிக் குடுக்கற சர்வர்) என்ன போட்டிருக்கீங்க?

கோடும்_நிறமும்
பழசு இன்னும் ஓடுது, மாசக் கடைசி வரைக்கும் இருக்கு. ரூட்டர்ல 8.8.8.8, கூகுளோடது. மொபைல்ல கம்பெனி குடுக்கறதுதான், நான் எதுவும் மாத்தல.

செவ்வகம்
இதுக்குத்தான் நான் .காம் தவிர எதையும் க்ளையண்ட்டுக்கு வாங்கிக் குடுக்கறதில்ல. .டெவ்வுக்கு ஒரு விதி, .ஐஓவுக்கு ஒரு தலைவலி.

பொத்தான்
இவர்து .காம்தான், படிங்க. அப்புறம் .ஐஓவுக்கு என்ன குறை? டெக் கம்பெனி பாதி அதுலதான் இருக்கு.

செவ்வகம்
அது ஒரு நாட்டுக் குறியீடு, பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதியோடது. அந்தத் தீவுகளை மொரீசியஸுக்குக் குடுக்கறதா 2024 அக்டோபர்ல பிரிட்டன் அறிவிச்சது. பகுதியே இல்லன்னா குறியீடு எத்தனை நாள் நிக்கும்? யுகோஸ்லாவியாவோட .ஒய்யு 2010ல போச்சு.

பொத்தான்
சோவியத் யூனியன் போயும் .எஸ்யு இன்னிக்கும் இருக்கே, அதைச் சொல்ல மாட்டீங்க. மூடணும்னு முடிவானாலும் வருஷக்கணக்குல அவகாசம் குடுப்பாங்க. .ஏஐ கூட அங்குயிலா தீவோடதுதான், அதுக்காக யாரும் வாங்காமலா இருக்காங்க?

செவ்வகம்
வாங்கறது அவங்க இஷ்டம். விசிட்டிங் கார்டு, போர்டு, பேக்கேஜிங் எல்லாத்துலயும் அச்சடிக்கற பேரு அது. வேற ஒரு அரசாங்கத்தோட முடிவுல அது தொங்கக்கூடாதுன்னு நான் க்ளையண்ட்டுக்குச் சொல்லியே ஆகணும்.

தொன்மை_வலை
இழை திசை மாறிவிட்டது.

முகவரிக்காரன்
கோடும்_நிறமும், உங்க பிரச்சினை டிஎன்எஸ்செக்னு நினைக்கறேன், டிஎன்எஸ் பதில் போலி இல்லன்னு கையெழுத்து வச்சுச் சரிபார்க்கற முறை. டொமைன் வாங்கின ரெஜிஸ்ட்ரார் பேனல்ல டிஎஸ் ரெக்கார்டுன்னு ஒரு பகுதி இருக்கும், அதுல ஏதாவது இருக்கான்னு பாருங்க.

டிஎஸ்ங்கறது பேங்க்ல குடுத்து வச்ச மாதிரிக் கையெழுத்து மாதிரி. அது உங்க ஹோஸ்டிங்ல இல்ல, மேல .காம்ல இருக்கும். நேம்சர்வர் மாத்தினாலும் தானா போகாது. இப்ப புது நேம்சர்வர்ல அந்தச் சாவி இல்லன்னா, சரிபார்க்கற ரிசால்வர் எல்லாம் “பொருந்தல”ன்னு சர்வ்ஃபெயில்ங்கற எரரைக் குடுத்துடும். 8.8.8.8, க்ளவுட்ஃப்ளேரோட 1.1.1.1 ரெண்டும் சரிபார்க்கும். உங்க மொபைல் கம்பெனி சரிபார்க்கலபோல, அதான் அங்க வருது. மெயிலும் இதே காரணத்தாலதான் சிக்குது, மெயில் எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்ற எம்எக்ஸ் ரெக்கார்டைக்கூட அனுப்பறவங்களால படிக்க முடியாது.

உறுதி பண்ண, டிஎன்எஸ்ஸைக் கேட்கற டிக் கமாண்டுல 8.8.8.8ஐக் கேளுங்க. சர்வ்ஃபெயில் வந்தா, அதையே +சிடி சேர்த்துக் கேளுங்க. சரிபார்க்காம குடுன்னு அர்த்தம். அப்ப ஐபி வந்துட்டா சந்தேகமே இல்ல. கமாண்டு வராதுன்னா டிஎன்எஸ்விஸ் தளத்துல டொமைனைப் போடுங்க, உடைஞ்ச இடம் சிவப்பா தெரியும்.

கோடும்_நிறமும்
ஆமா, டிஎஸ் ஒண்ணு இருக்கு. முன்னாடி செஞ்சவர் போட்டிருக்கார்போல. +சிடி போட்டா ஐபி வருது! எடுத்துடலாமா?

அலைவரிசை
பழைய ஹோஸ்டிங் இன்னும் ஓடுதுன்னா நேம்சர்வரைப் பழையதுக்கே திருப்பி வச்சு, அங்க ஏ ரெக்கார்டை மட்டும் புது சர்வருக்குக் காட்டலாமே? கையெழுத்து அங்க சரியாத்தானே இருக்கும்.

முகவரிக்காரன்
செய்யலாம். ஆனா புது நேம்சர்வரைக் கேஷ்ல எடுத்துட்டவங்களுக்கு ரெண்டு நாள் வரைக்கும் இழுக்கும். .காம்ல டிஎஸ்ஸோட டிடிஎல் 86,400 செகண்ட், ஒரு நாள்தான். அதனால டிஎஸ்ஸை எடுங்க. எடுத்ததும் கூகுள் பப்ளிக் டிஎன்எஸ், 1.1.1.1 ரெண்டுலயும் கேஷ் காலி பண்ற பக்கம் இருக்கு, அங்க உங்க டொமைனைப் போடுங்க, வகைல டிஎஸ்னு குடுங்க. மத்த ரிசால்வருக்கு நாள் முடியற வரைக்கும் காத்திருக்கத்தான் வேணும். 2021 செப்டம்பர் கடைசில ஆபீஸ் சாட் ஆப் ஸ்லாக்குக்கே டிஎன்எஸ்செக் மாத்தப் போய் இந்த 24 மணி நேரக் கேஷ்தான் படுத்துச்சு.

எல்லாம் அடங்கினப்புறம் புது இடத்துல டிஎன்எஸ்செக்கை ஆன் பண்ணி, அவங்க குடுக்கற புது டிஎஸ்ஸை ரெஜிஸ்ட்ரார்ல போடுங்க. அப்படியே விட்டுடாதீங்க.

தொன்மை_வலை
முதலில் டிஎஸ்ஸை எடுத்து, ஒரு நாள் பொறுத்து, அதன்பின் நேம்சர்வரை மாற்றுவதே முறை. இதை முதலிலேயே சொல்லியிருப்பேன், விவரம் கொடுத்திருந்தால்.

தறிநூல்
ஒரு நாள் வெயிட் பண்ணணும்னா நான் சொன்னதும் கிட்டத்தட்ட அதானே.

முகவரிக்காரன்
இல்ல. டிஎஸ்ஸை எடுக்காம ஒரு மாசம் வெயிட் பண்ணியிருந்தாலும் வந்திருக்காது.

கோடும்_நிறமும்
எடுத்துட்டேன், ரெண்டுலயும் கேஷும் காலி பண்ணினேன். வீட்டு வைஃபைல வந்துடுச்சு. ரொம்ப நன்றிண்ணே.

முகவரிக்காரன்
மெயில் சரியாச்சா? நடுவுல அனுப்பினது சிலது அனுப்பினவங்க சர்வர்ல வரிசைல நிக்கும், சிலது திரும்பிப் போயிருக்கும். திரும்பினவங்களை மறுபடி அனுப்பச் சொல்லுங்க.

அலைவரிசை
லாஞ்ச் ஆச்சா ப்ரோ?