ஆதாரக்கல "மாற்று" சரியா? போயெம்ஸ் நோயாளர் கைந்நூலுக்கு ஒரு சொல்

டொக்டர்,

போயெம்ஸ் (பிளாஸ்மாக் கலங்கள் கெட்டு நரம்பைத் தாக்கும் அரிய நோய்) கைந்நூல் வரைபில் "ஆதாரக்கல மாற்று அறுவைச் சிகிச்சை" என்று இருக்கிறது. ஆதாரக்கலம் என்பது குருதிக்கலங்களை உண்டாக்கும் தாய்க்கலம். "அறுவை" போகட்டும், அங்கே கத்திக்கு வேலையே இல்லை. உறுத்துவது "மாற்று". சிறுநீரக மாற்று என்றால் இன்னொருவருடையதை வாங்கிப் பொருத்துவது என்றுதான் மட்டக்களப்பில் எவரும் விளங்கிக்கொள்வர். போயெம்ஸில் ஏற்றுவதோ நோயாளியின் சொந்தக் கலங்களை. இந்தச் சொல்லைப் பார்த்தால் "ஆர் தாறது?" என்று குடும்பம் கொடையாளர் தேடப் புறப்பட்டுவிடும்.

"நடுகை"யும் வேண்டாம். நாளத்துக்குள் விட்ட கலங்கள் குருதியோடு போய்த் தாமே என்பு மச்சையில் தங்கி முளைக்கின்றன. நாற்று நடுவதைவிட நம் படுவான்கரை வீச்சு விதைப்புக்குத்தான் அது கிட்ட.

என் முன்மொழிவு: "தன் ஆதாரக்கல மீளேற்றம்".

(மட்டக்களப்பு)

சேர்,

"மீளேற்றம்" பிடித்திருக்கிறது. ஆனால் மருந்தை மறைக்கிறது. நரம்பைக் கெடுக்கும் பிளாஸ்மாக் கலங்களை அழிப்பது மெல்பலான்: உடற்பரப்பில் சதுர மீற்றருக்கு 200 மில்லிகிராம், சிறுநீரகம் தளர்ந்திருந்தால் 140. அதோடு மச்சையும் வெறுமையாகும். அதை நிரப்பத்தான் சேமித்த கலங்கள். ஆகவே தலைப்பு "உயர்மருந்தும் தன்கல மீளேற்றமும்" என இருக்கட்டும்.

படிகளுக்கும் சொல் வேண்டும். ஊசி போட்டுக் கலங்களைக் குருதிக்கு இறக்குவது "திரட்டல்". இயந்திரத்தில் பிரிப்பது "பிரித்தெடுப்பு". உடல் நிறையில் கிலோவுக்குக் குறைந்தது 20 இலட்சம் ஆதாரக்கலங்கள் சேர வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: குருதி உறையாமலிருக்கச் சேர்க்கும் சித்திரேற்று கல்சியத்தைக் குறைக்கும், வாயைச் சுற்றி விறுவிறுக்கும். ஏற்கெனவே கால் மரத்தவர் அதையும் நோயென்று நினைத்துச் சொல்லாமல் இருந்துவிடுவார். "புதிதாக விறுவிறுத்தால் உடனே தாதிக்குச் சொல்லுங்கள்" என்று தடித்த எழுத்தில் வர வேண்டும்.

(கல்முனை)

டொக்டர்,

ஒப்புக்கொள்கிறேன். "தன்கலம்" கட்டாயம், வெறும் "மீளேற்றம்" கைபேசி ரீலோட் மாதிரிக் கேட்கும்.

ஏற்றிய கலம் வேலை தொடங்குவதை "முளைகொள்ளல்" எனலாமா? நடுநிலைநாடிகள் (கிருமியை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள்) மைக்ரோலீற்றர் குருதிக்கு 500ஐத் தாண்டி மூன்று நாள் நின்றால் முளைகொண்டதாகக் கணக்கு. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள். அந்நேரத்தில் காய்ச்சல், தோற்சிவப்பு, வயிற்றோட்டம், நீர் கோத்து நிறை கூடுதல் வரும். போயெம்ஸில் இது மற்றவர்களைவிட அதிகம். அதற்கு "முளைகொள் காய்ச்சல்" என்ற உங்கள் பழைய சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். கிருமித்தொற்றுக் காய்ச்சலும் அதே நாட்களில்தான் வரும். பெயரைக் கேட்டு "இது வழமைதானே" என்று ஒருவர் வீட்டில் படுத்திருந்தால் ஆபத்து. "முளைகொள் கூட்டறிகுறி" என்று போடுவோம்.

(மட்டக்களப்பு)