ஆட்டோமேட்டிக் பிக்கப்புக்கு கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றினீர்கள்? நடந்ததைச் சொல்லுங்கள்

டல்லாஸிலிருந்து

போன ஜூலையில் குடும்பத்தோடு கொலராடோ கிளம்பினோம். பிக்கப்பின் பின்னால் 24 அடி டிரெய்லர், வண்டிக்குள் நான்கு பேர், பின்தொட்டி நிறைய சாமான். அமரில்லோ, டால்ஹார்ட் வரை சமதரை என்பதால் ஒன்றும் தெரியவில்லை. நியூ மெக்சிகோவில் ராட்டன் ஊரைத் தாண்டி, 7,800 அடிக்கு மேல் ஏறும் கணவாயில்தான் கியர்பாக்ஸ் சூட்டைக் காட்டும் முள் நகர ஆரம்பித்தது. அதுவரை 195 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நின்றிருந்தது, 238-ஐத் தொட்டது. கியர் ஓரிடத்தில் நிற்காமல் ஆறு, ஐந்து, மறுபடி ஆறு என்று மாறிக்கொண்டே இருந்தது.

ஓரங்கட்டி, பார்க்கிங்கில் போட்டு, எஞ்சினை அணைக்காமல் ஓடவிட்டேன். அணைத்தால் பம்ப் நின்றுவிடும், சூடான ஆயில் கூலருக்குப் போகாது. இருபது நிமிடத்தில் முள் இறங்கியது. அப்புறம் பாரம் இழுப்பதற்கென்று உள்ள டோ மோடைப் போட்டு, நாற்பது மைல் வேகத்தில் மெதுவாக ஏறினோம். என் மனைவி அந்த மீட்டரைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

வண்டி அப்போது 71,000 மைல் ஓடியிருந்தது. நான் இரண்டாவது உரிமையாளர். ஆயில் ஒருமுறைகூட மாற்றியதில்லை. கையேட்டில் 150,000 மைல் என்று இருந்ததை நம்பியிருந்தேன். ஊருக்குத் திரும்பிய பிறகுதான் அதன் பின்பக்கங்களைப் படித்தேன். டிரெய்லர் இழுப்பவர்களுக்கு அங்கே தனி அட்டவணை, அதில் 30,000 மைல் என்று இருந்தது. ஒரே வண்டி, ஒரே புத்தகம், இடையில் ஐந்து மடங்கு வித்தியாசம்!

ஆயிலை இறக்கியபோது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். புதிதில் செக்கச்செவேல் என்று இருப்பது டிகாக்ஷன் நிறத்தில் வந்தது. கருகல் வாசனையும் இருந்தது. அடித்தட்டில் உள்ள காந்தத்தில் குழைத்த விபூதி போல சாம்பல் நிறச் சாந்து ஒட்டியிருந்தது. மெக்கானிக் அதை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது சாதாரணத் தேய்மானம். விரலில் குத்துகிற உலோகத் துணுக்கு இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்" என்றார்.

அவர் சொன்ன இன்னொன்று எனக்குப் புதிது. மொத்தம் சுமார் 12 லிட்டர் இருந்தாலும் அடித்தட்டைக் கழற்றினால் பாதிதான் வெளியே வரும். மீதி, எஞ்சின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். அதனால் 500 மைல் இடைவெளி விட்டு மூன்று முறை இறக்கி ஊற்றினோம். முதல் முறையில் பாதி புதுசு, அடுத்ததில் முக்கால், மூன்றாவதில் எட்டில் ஏழு பங்கு.

மேனுவல் கியர்பாக்ஸில் ஆயிலின் வேலை பெரும்பாலும் பல்சக்கரங்களை வழவழப்பாக வைப்பதுதான். ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினின் விசையைக் கடத்துவதும், கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும், சூட்டை வெளியே எடுத்துப் போவதும் அதே ஆயில்தான். பாரத்தோடு மெதுவாக ஏறும்போது பல நேரம் கன்வெர்ட்டர் லாக் ஆகாது, அதாவது எஞ்சினோடு இறுகப் பிணைந்து ஒன்றாகச் சுற்றாது. உள்ளே ஆயில் கடைபட்டுக் கடைபட்டுச் சூடாகும். 175 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. இன்றைய சிந்தெடிக் ஆயில் அதைவிட நன்றாகவே தாங்கும். ஆனாலும் ஆயிலின் வயதை மைல் மீட்டரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

அடுத்த மாதம் அதே பாதையில் மறுபடி போகிறோம். உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்.

ஓமான், நிஸ்வாவிலிருந்து

நான் இங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஒன்பது வருடமாக பிக்கப் ஓட்டுகிறேன். சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். வாரத்தில் நாலு நாள் ஜபல் அக்தர் மலைக்கு டைல்ஸும் சிமெண்டும் ஏற்றுவேன். பிர்கத் அல் மவுஸில் போலீஸ் சாவடி இருக்கிறது, ஃபோர் வீல் இல்லாத வண்டியை மேலே விடமாட்டார்கள். மேலே சைக் கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரம். கீழே 45 டிகிரி வெயிலில் கிளம்பி முழுப் பாரத்தோடு ஏறினால் கியர்பாக்ஸ் என்ன பாடுபடும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

கம்பெனி அட்டவணையில் 80,000 கிலோமீட்டர் என்று இருந்தது. முதல் வண்டியில் 60,000 தாண்டியதுமே, காலையில் ரிவர்ஸ் போட்டால் இரண்டு நொடி கழித்து ஒரு உதையோடு விழ ஆரம்பித்தது. மலைக்குப் போகும் வண்டிக்கும் மஸ்கட் ஆபீஸ் வண்டிக்கும் ஒரே கணக்கு சரிவராது என்று முதீரிடம் (மேலாளரிடம்) மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை, இறக்கிய ஆயிலைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அன்றிலிருந்து மலை வண்டிகளுக்கு 40,000. இப்போது ஓட்டும் வண்டி மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது, கியர்பாக்ஸை இன்னும் திறக்கவில்லை.

ஆயிலை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். சனையாவில் (பட்டறைகள் இருக்கும் பகுதியில்) சில கடைகளில் சிவப்பாக இருப்பதை எல்லாம் ஒன்றாக நினைத்து ஊற்றிவிடுகிறார்கள். டொயோட்டாவின் டபிள்யூ.எஸ்., ஜி.எம்.மின் டெக்ஸ்ரான் 6, ஃபோர்டின் மெர்கான் எல்.வி. ஆகிய மூன்றும் வேறு வேறு தரம். கையேட்டில் எது போட்டிருக்கிறதோ அதுதான். அதேபோல மணலில் புதைந்தால் டி, ஆர், டி, ஆர் என்று மாற்றி மாற்றி வண்டியை ஆட்டாதீர்கள். டயர் காற்றைக் குறைத்து, மண்வெட்டியை எடுங்கள்.

ஹூஸ்டனிலிருந்து

என் வண்டி 130,000 மைலில் வழுக்க ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. ஒரு ஷாப்பில் ஆயில் மாற்றினேன். மூன்று வாரத்தில் மூன்றாவது கியருக்கு மேல் போகவில்லை. கியர்பாக்ஸைப் பிரித்துப் புதுப்பிக்க 4,200 டாலர் ஆனது.

பழைய ஆயிலைத் தொடக்கூடாது, மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும் என்று இரண்டு வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டு ஒரு நண்பர் மாற்றாமலே விட்டுவிட்டார். இன்றைக்கும் அது எனக்கு வருத்தம். பெட்டியைப் பிரித்தபோது கிளட்ச் தட்டுகளைக் காட்டினார்கள். உராய்வுப் பூச்சு தேய்ந்து, இரும்பு தெரிந்தது. மூன்று வாரத்தில் வரும் தேய்மானம் இல்லை அது. வழுக்கல் தொடங்கிய பிறகு ஆயில் மாற்றுவது வைத்தியம் ஆகாது. 60,000-இல் மாற்றியிருக்க வேண்டியதை நான் 130,000-இல் மாற்றினேன். அவ்வளவுதான்.

சிகாகோவிலிருந்து

எனக்குக் கெட்ட அனுபவம் இல்லை. என் வண்டியில் இருப்பது இசட்.எஃப். நிறுவனத்தின் எட்டு கியர் பெட்டி. அந்தப் பெட்டியைப் பொருத்தும் கார் நிறுவனங்கள் பலவும் "ஆயுள் முழுக்க ஒரே ஆயில்" என்று சொல்வதுண்டு. ஆனால் பெட்டியைச் செய்யும் இசட்.எஃப். 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவன் பேச்சைக் கேட்டு 60,000 மைலில் மாற்றினேன். அடித்தட்டு பிளாஸ்டிக், ஃபில்டர் அதோடே சேர்ந்தது என்பதால் இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும்.

இதில் ஆயில் அளவு பார்க்கும் குச்சி (டிப் ஸ்டிக்) கிடையாது. எஞ்சின் ஓடும்போது, ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது, பக்கத்துத் துளையில் லேசாக வழிய ஆரம்பித்தால் அளவு சரி. ஆயில் சூட்டில் விரியும் என்பதால் கொதிக்கக் கொதிக்க அளந்தால் உள்ளே குறைவாக நின்றுவிடும். ஷாப்பில் கொடுப்பவர்கள், எந்தச் சூட்டில் அளந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நியூ ஜெர்சியிலிருந்து

ஆயில் ரோஸ்மில்க் நிறத்தில் வந்தால் அன்றைக்கே வண்டியை நிறுத்துங்கள். என் பழைய பிக்கப்பில் ரேடியேட்டருக்குள் இருந்த கூலர் குழாய் விரிசல் விட்டு, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் கியர்பாக்ஸுக்குள் கலந்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம் என்று ஓட்டினேன். கிளட்ச் தட்டுப் பூச்சு ஊறி உரிந்து, பெட்டி முழுக்கப் போனது. மாற்றும் தேதி வரும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை இது.

டல்லாஸிலிருந்து, மறுபடி

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவுதான் திரும்பினோம். கிளம்பும் முன் ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக ஒரு கூலர் போட்டேன். ராட்டன் ஏற்றத்தில் ஆரம்பத்திலேயே நான்காவது கியரில் பிடித்துக்கொண்டு, லாரிகளுக்குப் பின்னால் போனேன். அதே டிரெய்லர், அதே பாரம், உச்சியில் 211. புது ஆயிலால் சூடு குறைந்தது என்று சொல்லமாட்டேன், அது கூலரும் கியரும் செய்த வேலை. ஆனால் ஷிஃப்ட் ஒருமுறைகூட உதறவில்லை.

அடுத்த மாற்றம் 101,000 மைலில் என்று கண்ணாடிக்குக் கீழே சீட்டு ஒட்டியிருக்கிறேன். அதற்குள் இன்னொரு மலைப் பயணம் வந்தால், திரும்பி வந்ததும் ஒரு தடவை இறக்கி நிறத்தைப் பார்த்துவிடுவேன்.