எண்ணெய் பாட்டில் உள்ள போகவே இல்ல. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

ஒரு_மகன்

ரொம்ப நாளா மனசுல கிடக்குது, இங்கயாவது சொல்லிடறேன். அப்பா ஐசியுல இருந்தப்ப அத்தை ஒரு ஜெப எண்ணெய் பாட்டில் குடுத்தாங்க, எப்படியாவது நெத்தியில தடவிடுப்பா, முடியலன்னா தலகாணிக்கு அடியிலயாவது வச்சிட்டு வான்னு. நர்ஸ் வெளிப்பொருள் எதுவும் உள்ள போகக்கூடாதுன்னுட்டாங்க. நான் விடல. செக்யூரிட்டிகிட்ட கெஞ்சினேன், ஷிப்ட் மாறி வந்த அடுத்த நர்ஸ்கிட்ட கெஞ்சினேன், லிப்ட்ல இருந்து இறங்கின டாக்டர் பின்னாடியே ஓடினேன். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சது, ரெண்டு மணிக்கு கால் ஓஞ்சு பெஞ்சுல உக்காந்தப்பதான் உறைச்சுது, இந்த நாலு மணி நேரத்துல எங்கப்பாவுக்காக நான் ஒரு வார்த்தை ஜெபம் பண்ணல. எல்லா கெஞ்சலும் மனுஷங்ககிட்ட, அதுவும் அந்த பாட்டிலுக்காக.

அப்பா பிழைச்சு வீட்டுக்கு வந்துட்டாரு, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனா உறுத்தறது அது இல்ல. அடுத்த மாசம் சபையில அத்தை எழுந்து சாட்சி சொன்னாங்க, அந்த எண்ணெய் அண்ணன் மேல பட்ட ராத்திரியே காய்ச்சல் இறங்கிச்சுன்னு. எல்லாரும் கை தட்டறாங்க. பாட்டில் என் பேன்ட் பாக்கெட்டுலதான் இருக்கு, திருப்பிக் குடுக்கலாம்னு எடுத்துட்டு வந்தது, சீல் கூட உடைக்கல. நான் பாக்கெட்டை கையால மூடிக்கிட்டு எல்லாரோடயும் சேர்ந்து அல்லேலூயா சொன்னேன்.

உங்க யாருக்காவது இப்படி நடந்திருக்கா, ஆண்டவர நம்பறோம்னு நினைச்சுக்கிட்டு வேற எதையோ பிடிச்சுக்கிட்டு இருந்தது?

கடுகுவிதை

பிரதர், எனக்கு எண்ணெய் இல்ல, பைபிள் ஆப். தினமும் படிச்சா நாள் கணக்கு ஏறிக்கிட்டே போகுமே, அது. எனக்கு 412 நாள் ஆயிருந்துச்சு. ஒரு நாள் ராத்திரி 11:50க்கு பிரெண்டு போன் பண்றா, அழறா, என்னன்னு கூட சரியா சொல்ல முடியல அவளால. அன்னிக்கு நான் இன்னும் படிக்கல. "பத்தே நிமிஷம்டி, நானே கூப்பிடறேன்"னு வச்சிட்டேன். அதிகாரத்த முடிச்சேன், 413 வந்துச்சு, திரும்ப கூப்பிட்டா எடுக்கல. காலையில எடுத்தா, நல்லாத்தான் பேசினா, ஆனா அன்னிக்கு ராத்திரி என்ன ஆச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட சொல்லல.

அன்னிக்கு என்ன அதிகாரம் படிச்சேன்னு கேட்டா எனக்கு ஞாபகம் இல்ல, நம்பர்தான் ஞாபகம் இருக்கு. யோவான் 5ல இயேசு யூதத் தலைவர்கள பாத்து சொல்றாரே, வேதவாக்கியத்த ஆராயறீங்க, அதுல ஜீவன் இருக்குன்னு நினைக்கறீங்க, ஆனா என்கிட்ட வர மனசில்லன்னு. அத நான் எத்தனையோ தடவ படிச்சிருக்கேன், யாரோ பரிசேயனுக்கு சொன்னதுன்னு தாண்டிப் போயிருக்கேன்.

கெத்சமனே

ரெண்டு பேர் சொன்னதும் மனச தொட்டுச்சு, ஆனா ஒண்ணு சொல்லணும், எண்ணெயே தப்பு, பைபிள் ஆப்பே தப்புங்கிற மாதிரி இது போகக்கூடாது. யாக்கோபு 5:14 எடுத்துப் பாருங்க, வியாதியா இருக்கறவன் சபை மூப்பர்கள வரவழைக்கட்டும், அவங்க கர்த்தருடைய நாமத்துல எண்ணெய் பூசி ஜெபம் பண்ணட்டும்னு தெளிவா இருக்கு. அப்போஸ்தலர் 19ல அப்போஸ்தலன் பவுலோட உடம்புல இருந்த உறுமால, அதாவது கைக்குட்டைய, கொண்டுபோய் போட்டே சுகம் ஆயிருக்கு. எங்கம்மா சாகக் கிடந்தப்ப மூப்பர் ஒருத்தர் எண்ணெய் பூசி ஜெபிச்சாரு, அம்மா பிழைக்கல, ஆனா அவர் விரல் நெத்தியில பட்டதும் அம்மா கண்ண தொறந்து அவர பாத்தாங்க பாருங்க, அந்த பார்வை எனக்கு போதும். அதனால எண்ணெய யாரும் மட்டமா பேசினா எனக்கு தாங்காது.

அதே யாக்கோபுல அடுத்த வசனத்தையும் படிக்கணும். பிணியாளிய இரட்சிக்கறது விசுவாசமுள்ள ஜெபம்னுதான் சொல்லுது, எழுப்பறவர் கர்த்தர்னுதான் சொல்லுது. 12 வருஷம் பெரும்பாடு, அதாவது ரத்தப்போக்கு, இருந்த ஒரு பொம்பள இயேசுவோட வஸ்திரத்த தொட்டாங்க, சுத்தி இருந்த கூட்டமெல்லாம் அவர நெருக்கிக்கிட்டுதான் இருந்துச்சு, எத்தனை பேர் மேல அந்த துணி பட்டிருக்கும், ஆனா இயேசு அவங்கள பாத்து உன் விசுவாசம்னு சொன்னாரே தவிர என் வஸ்திரம்னு சொல்லல. உறுமால் வசனத்துக்கு அடுத்த வசனத்துலயே ஸ்கேவாவோட ஏழு பசங்க கதை ஆரம்பிக்குது, இயேசுங்கிற பேரையே மந்திரம் மாதிரி யூஸ் பண்ணி அடி வாங்கி துணி கூட இல்லாம ஓடினவங்க. பேரு சரியான பேருதான், அந்த பேருக்கு சொந்தக்காரரத்தான் அவங்களுக்கு தெரியாது.

ஒரு_மகன் தம்பி, நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். அத்தைகிட்ட முதல்ல தனியா சொல்லுங்க, சபையில எழுந்து சொல்ல வேண்டாம், பெரியவங்க கூனிக் குறுகிடுவாங்க. பாட்டிலையும் தூக்கிப் போடாதீங்க, அவங்க அன்பா குடுத்தது. பாஸ்டர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ஜெபிச்சிட்டுப் போங்க, அத்தை சாப்பிட்டு முடிச்சு நல்ல மனநிலையில இருக்கறப்ப பேசுங்க. லேட் பண்ணாதீங்க, பொய் சாட்சி நிக்க நிக்க வேர் விடும்.

வழிப்போக்கன்

கெத்சமனே அண்ணா, மரியாதையோட ஒரு மறுப்பு. எண்ணெய் தப்பில்ல சரி, வெண்கலப் பாம்பும் தப்பில்லதானே? ஆண்டவரே மோசேகிட்ட செய்யச் சொன்னது, பாம்பு கடிச்சு அத பாத்தவங்க பிழைச்சாங்க. பல நூறு வருஷம் கழிச்சு ஜனங்க அதுக்கு தூபம் காட்டிக்கிட்டு இருந்தாங்க, எசேக்கியா ராஜா நிகுஸ்தான்னு சொல்லி உடைச்சுப் போட்டாரு, வெறும் வெண்கலத்துண்டுன்னு. அன்பா குடுத்தது, பத்திரமா வச்சிக்கோங்கன்னு சொல்லிச் சொல்லித்தான் அது அவ்வளவு காலம் நின்னிருக்கும். பத்து கட்டளை பலகை வச்சிருந்த உடன்படிக்கைப் பெட்டியும் அப்படித்தான், 1 சாமுவேல் 4. பெலிஸ்தரோட சண்டையில முதல் தடவ இஸ்ரவேலர் 4000 பேர் செத்தாங்க, ஏன்னு ஆண்டவர்கிட்ட கேக்கல, சீலோவுல இருந்து பெட்டிய கொண்டுவந்தா அது நம்மள காப்பாத்தும்னாங்க, பாளையமே அதிர்ற மாதிரி ஆர்ப்பரிச்சாங்க. 30,000 பேர் விழுந்தாங்க, பெட்டியும் போச்சு. அந்த ஆரவாரத்துல எனக்கு எப்பவும் நம்ம ஆராதனை சத்தம் கேக்குது, அதனால கொஞ்சம் காட்டமா எழுதறேன்.

என் கதை தசமபாகம், சம்பளத்துல பத்துல ஒண்ணு ஆண்டவருக்கு குடுக்கறது. சம்பளம் வந்த அன்னிக்கே எடுத்து வச்சிடுவேன், ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதுவேன், ஒன்பது வருஷம். தசமபாகம் கொண்டுவந்தா வானத்தின் பலகணிகள திறந்து ஆசீர்வதிப்பேன்னு சொல்ற மல்கியா 3:10தான் எனக்கு இன்சூரன்ஸ் பாலிசி. வேலை போச்சு. அன்னிக்கு ராத்திரி ரூம் கதவ சாத்திட்டு அந்த நோட்ட கட்டில் மேல விரிச்சு வச்சு பக்கம் பக்கமா திருப்பி, பாருங்க, இந்த மாசம் குடுத்தேன், இந்த மாசம் கடன் வாங்கி குடுத்தேன்னு விரல வச்சு காட்டினேன். ஆண்டவருக்கு பில் காட்டினேங்க. லூக்கா 18ல வாரத்துக்கு ரெண்டு தடவ உபவாசம் இருக்கேன், சம்பாதிக்கறதுல எல்லாம் தசமபாகம் குடுக்கறேன்னு பரிசேயன் ஒருத்தன் நின்னு சொன்னானே, அவன் குரல் என் வாயில வந்துச்சு. நோட்ட மூடிட்டேன். இப்பவும் குடுக்கறேன், எழுதறதில்ல.

கெத்சமனே

வழிப்போக்கன், பாம்ப உடைச்சது சரி, ஆனா எசேக்கியா பெட்டிய உடைக்கலையே. ஆலயத்த இடிக்கலையே. எது எப்ப விக்கிரகம் ஆகுதுன்னு பாக்கணும், எடுத்தவுடனே சுத்தியல தூக்கக்கூடாது. நோட்டு விஷயம் படிச்சேன். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, நானும் அப்படி கணக்கு காட்டியிருக்கேன்.

மௌனம்3

நீங்க ரெண்டு பேரும் பேசிட்டு இருக்கற நேரத்துல என்னோடதையும் வச்சிடறேன், எனக்கு வசனமெல்லாம் இவ்வளவு கோர்வையா வராது. நான் பாடற ஊழியத்துல 22 வருஷம் இருந்தவ. தொண்டையில கட்டி மாதிரி ஏதோ வந்து டாக்டர் மூணு வாரம் வாயே திறக்கக்கூடாதுன்னுட்டாரு, கிசுகிசுன்னு பேசறது கூட கூடாதாம். முதல் ஞாயிறு கடைசி வரிசையில உக்காந்திருந்தேன். மேல வேற ஒரு பொண்ணு பாடறா. எல்லாரும் கண்ண மூடி ஜெபிக்கறாங்க, நானும் மூடினேன், உள்ள ஒண்ணுமே இல்ல. சத்தம் இல்லாம எப்படி ஜெபிக்கறதுன்னே எனக்கு தெரியல. 22 வருஷமா நான் ஜெபிச்ச ஒவ்வொரு ஜெபமும் யாரோ கேக்கறதுக்காக பண்ணினது, அன்னிக்குதான் எனக்கே தெரிஞ்சுது, என் குரல் போனா ஆண்டவருக்கு நான் யாருன்னு பயந்துட்டேன்.

ரெண்டாவது வாரம் பைபிள்ல பிள்ளைக்காக அழுது ஜெபிச்ச அன்னாள் ஞாபகம் வந்தாங்க, உதடு மட்டும் அசைஞ்சுது, சத்தம் கேக்கலன்னு வருமே, ஆசாரியர் ஏலி கூட குடிச்சிருக்கான்னு நினைச்சாரே, அவங்க. நான் உதட்ட அசைக்கவும் முயற்சி பண்ணல. சும்மா உக்காந்து "அப்பா" மட்டும். அவ்வளவுதான் வந்துச்சு. ரொம்ப நேரம் அதையேதான். இப்ப குரல் வந்துடுச்சு, திரும்ப பாட கூப்பிடறாங்க, போகவா வேண்டாமான்னு நாலு மாசமா இழுத்துக்கிட்டு இருக்கேன், ஏன்னா மறுபடி மைக்க பிடிச்சா அந்த கடைசி வரிசை எனக்கு மறந்துடுமோன்னு இருக்கு. தயவுசெஞ்சு யாரும் போங்கன்னோ போகாதீங்கன்னோ சொல்லாதீங்க.

கெத்சமனே

சொல்லல சகோதரி. ஜெபிக்கறேன்.

கடுகுவிதை

அக்கா, "அப்பா மட்டும்"னு நீங்க எழுதினத நாலு தடவ படிச்சேன். நேத்து ராத்திரி ஆப்ப திறக்காம தூங்கினேன், வேணும்னு இல்ல, பிரெண்டுகிட்ட பேசிக்கிட்டே இருந்ததுல மறந்தே போச்சு. காலையில பாத்தா 1ன்னு காட்டுது.

ஒரு_மகன்

எல்லாத்தையும் படிச்சேன். கெத்சமனே அண்ணா, அத்தைகிட்ட இன்னும் சொல்லல, ஊருக்கெல்லாம் சொல்லி முடிச்சிட்டாங்க, எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியல, ஞாயித்துக்கிழமை பாக்கணும். அப்பாகிட்ட மட்டும் நேத்து சொன்னேன். பாட்டில எடுத்து அவர் முன்னாடி வச்சு, இது உங்க மேல படவே இல்லப்பா, நாலு மணி நேரம் அலைஞ்சும் உள்ள விடலன்னு எல்லாம் சொன்னேன். அவர் சீல தடவிப் பாத்துட்டு, எண்ணெயப் பத்தி ஒண்ணுமே கேக்கல. "அன்னிக்கு எனக்காக ஜெபம் பண்ணியாடா?"ன்னு கேட்டாரு.

இல்லப்பான்னு சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் கைய நீட்டினாரு, சரி இப்ப பண்ணுன்னு.