நடுக் கம்பி இல்லாத, எடை குறைந்த சைக்கிள் எது வாங்கலாம்?

வணக்கம். திருவான்மியூரிலிருந்து கிண்டிக்குச் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். புடவை கட்டும் நாட்களும் உண்டு, கேரியரில் எப்போதும் பை இருக்கும். அதனால் நடுக் கம்பி இல்லாத வண்டிதான் வேண்டும்.

இப்போது வைத்திருப்பது இரும்பு ஃப்ரேம், கியர் கிடையாது, எடை 18 கிலோ இருக்கும். சிக்னலில் நின்று கிளம்பினால் வேகம் பிடிக்கவே நேரமாகிறது. மாலையில் வீடு திரும்பும்போது கடற்காற்று நேர் எதிரே. மத்திய கைலாஷ் வருவதற்குள் தொடை கடுத்துவிடும்.

அலுமினிய ஃப்ரேமில் 13, 14 கிலோவுக்குள் யாராவது ஓட்டுகிறீர்களா? நடுக் கம்பி இல்லாத ஃப்ரேம் கொஞ்சம் நெளியும். பின்னால் பாரம் வைத்தால் வண்டி ஆடுகிறதா? என் பெரிய கவலை இதுதான். கடை வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் இது தெரியாது.

டயர் 700×35 போதும் என்று நினைக்கிறேன். அதைவிட ஒல்லியானது நம்ம ஊர்க் குழிகளுக்குச் சரிவராது. கியரில், ஷிமானோ நெக்ஸஸ் மாதிரி பின் சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே (நடு உருளைக்குள்) இருக்கும் 3 கியர் பிடித்திருக்கிறது. நின்றபடியே மாற்றலாம், முழுச் செயின் கவர் போடலாம், புடவையும் சிக்காது. ஆனால் பஞ்சரானால் அந்தச் சக்கரத்தைக் கழற்றி மாட்டத் தெரிந்த மெக்கானிக் அடையாறு பக்கம் இருக்கிறாரா?

சஸ்பென்ஷன் வேண்டவே வேண்டாம், எடைதான் கூடும். பட்ஜெட் 25,000 ரூபாய் வரை, பழைய வண்டியானாலும் சரி. அப்புறம், புடவையோடு ஓட்டும் அக்காக்கள் யாராவது இருந்தால், புடவை சிக்காமல் இருக்கப் பின் சக்கரத்துக்கு என்ன தடுப்பு போட்டிருக்கிறீர்கள் என்று அவசியம் சொல்லுங்கள். படம் போட்டால் இன்னும் நல்லது.