சாலி படுத்திருக்கும் பக்கம்: பார்த்தவர்கள் அனுபவம்

எடிசன்காரன்:

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையும் தெற்குப் படையும் மோதிய கெட்டிஸ்பர்க் போர்க்களத்துக்குப் போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் முன்கதை வேண்டாம். அங்கே ஓக் ரிட்ஜ் மேட்டில் டபுள்டே அவென்யூ ஓரம், வடக்குப் படையின் 11ஆவது பென்சில்வேனியா ரெஜிமென்ட் நினைவுச்சின்னம். மேலே வெண்கலச் சிப்பாய், கீழே பீடத்தின் விளிம்பில் அவர்கள் கூடவே வைத்திருந்த நாய், சாலி. ரோட்டில் போனால் நாய் கண்ணில் படாது. சின்னம் மேற்கே, அன்று எதிரி வந்த திசையைப் பார்த்து நிற்கிறது, நமக்குத் தெரிவது முதுகுதான்.

போன ஜூலையில் ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவைக் கூட்டிப்போனேன். நல்ல வெயில். கால் மரத்துப்போச்சு என்று அப்பா இறங்கினார். "எல்லாம் ஒரே மாதிரி சிலைதான்பா, 1,300க்கு மேல இருக்கு, வாங்க" என்றேன். அவர் பாட்டுக்கு முன்பக்கம் போனார். பத்து நிமிடம் ஆயிற்று, ஆளைக் காணோம். ஹாரன் அடித்தேன். ரெண்டு தடவை.

போய்ப் பார்த்தால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றி நாயின் வாய்க்கு நேராக வைத்திருந்தார். "வெயில்ல கெடக்குடா" என்றார். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நான்தான் கதையைச் சொன்னேன். 1863 ஜூலை 1 அன்று படை பின்வாங்கியது, இது மட்டும் பழைய இடத்துக்கே திரும்பிப்போய், செத்தவர்கள் காயம்பட்டவர்கள் பக்கத்திலேயே கிடந்தது, எதிரிகள் விலகிய பிறகுதான் கண்டுபிடித்தார்கள் என்று.

காரில் ஏறியதும் சொன்னார்: "டவுனுக்கு வரும்போது மணிய விட்டுட்டு வந்தோமே, அது எத்தன நாள் வாசல்லயே கெடந்துச்சாம் தெரியுமா?" மணி எங்கள் நாய். 22 வருஷமாகிறது. அதுவரை வீட்டில் ஒருத்தரும் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. ஜிபிஎஸ்ஸைப் பார்த்து ஓட்டினேன். அந்த ஹாரன் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மேரிலாந்து மீனா:

எங்களுக்கு நடந்தது இவ்வளவு கனமில்லை. நாயின் காலடியில் பிஸ்கட், பூ, சில்லறை எல்லாம் வைத்துவிட்டுப் போகிறார்கள் இல்லையா? லிங்கன் தலை போட்ட ஒரு சென்ட் காசுதான் அதிகம். என் பையனுக்கு அப்போது ஐந்து வயது, உட்கார்ந்து எண்ணினான், பதினான்கு. வீட்டுக்கு வந்து துணி துவைத்தால் மெஷினுக்குள் கடகடவென்று சத்தம். கால்சட்டைப் பையில் ஒன்று!

"நாய்க்கு எதுக்கும்மா காசு, அதால கடைக்குப் போக முடியாதே" என்கிறான். அவன் சொன்னதும் நியாயம்தான். திருப்பிக் கொண்டுபோய் வைக்கணும் என்று அஞ்சறைப்பெட்டியில் போட்டேன். மூன்று வருஷமாகக் கடுகுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. தாளிக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

சாலியைத் தாண்டிக் கொஞ்சம் போனால் 90ஆவது பென்சில்வேனியாவின் கல்மரம் இருக்கிறது, குண்டடி பட்டு முறிந்த மரம் மாதிரியே கிரானைட்டில். அதில் ஒரு குருவிக்கூடு உண்டு, தவறவிடாதீர்கள்.

பழைய பஞ்சாங்கம்:

தம்பி எடிசன், "எல்லாம் ஒரே மாதிரி சிலை" என்று அப்பாவிடம் சொன்னீர்களே, தப்பு. 1887இல் பென்சில்வேனியா அரசு அங்கே சண்டை போட்ட தன் ரெஜிமென்ட்டுகளுக்குத் தலா 1,500 டாலர் ஒதுக்கியது. எப்படி வடிப்பது என்பதில் உயிரோடிருந்த பழைய சிப்பாய்களுக்கும் பெரிய பங்கு. இந்த 11ஆவது ரெஜிமென்ட்காரர்கள் 1890 செப்டம்பரில் சின்னத்தைத் திறந்தபோது நாய் செத்து 25 வருஷம். 1861இல் குட்டியாக வந்தது, முதல் கர்னல் ஜாரெட்டின் பெயரையும் சேர்த்து சாலி ஆன் ஜாரெட் ஆனது. 1865 பிப்ரவரியில் வர்ஜீனியாவில் ஹாச்சர்ஸ் ரன் சண்டையில் தலையில் குண்டு பட்டது. சுட்டுக்கொண்டிருக்கும்போதே குழி தோண்டிப் புதைத்தார்கள். கால் நூற்றாண்டு கழித்தும் தளபதிக்குப் பதிலாக நாயை வைத்திருக்கிறார்கள் என்றால் அது ஒரே மாதிரி சிலையா?

நம் திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூர் நடுகல்லில், மகேந்திரவர்மன் காலத்திலேயே, கோவிவன் என்ற நாயைப் பெயரோடு வெட்டி வைத்திருக்கிறான். அப்பாவுக்கு அது ரத்தத்திலேயே இருக்கிறது.

அடுத்து போகிறவர்களுக்கு: சொந்தமாகச் சுற்றாதீர்கள். உரிமம் பெற்ற வழிகாட்டிகள் 1915 முதல் இருக்கிறார்கள். உங்கள் காரை அவரே ஓட்டுவார், நீங்கள் வேடிக்கை பார்க்கலாம். முன்பதிவு அவசியம். கோடையில் புல்லில் உண்ணி உண்டு, அது கடித்து வரும் லைம் காய்ச்சல் சாதாரணமில்லை. முழுக்கால் பேன்ட், வெளிர் நிறச் சாக்ஸ், சாக்ஸை பேன்ட்டுக்கு மேல் இழுத்துவிடுங்கள். வீடு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், காது பின்புறம் பாருங்கள். தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனால் ஐஸ்பெட்டி வேண்டும். செருப்பு வேண்டவே வேண்டாம்.

என் அனுபவமா? 2011இல் போனேன். மழை. காரை விட்டு இறங்கவில்லை.

ராலே வாசி:

இறங்காமலே இவ்வளவா சார்! நடுகல்லை இங்கே ஏன் இழுக்கிறீர்கள் என்பது என் கேள்வி. இவர்கள் யாரையும் பார்த்துச் செய்யவில்லை, அவர்கள் நாய், அவர்கள் பாசம்.

நான் சொல்ல வந்தது வேறு. எல்லோரும் நாயைப் பார்க்கிறீர்கள், நாய் எதைப் பார்க்கிறது என்று யாராவது திரும்பினீர்களா? அந்த வயல்வெளியில்தான் தெற்குப் படைத் தளபதி ஐவர்சனின் பிரிகேட் வந்தது, எல்லாம் எங்கள் வட கரோலினா ஆட்கள். ஐவர்சன் கூடவே வரவில்லை, பின்னால் தங்கிவிட்டார். கல்சுவருக்குப் பின்னால் இந்த 11ஆவதும் மற்றவர்களும் குனிந்திருந்து, கிட்டே வந்ததும் எழுந்து சுட்டார்கள். ஏறக்குறைய 1,400 பேரில் 900 பேர் சாவு, காயம், சிறை. அணிவகுத்து நின்றபடியே வரிசையாக விழுந்து கிடந்தார்களாம். அங்கேயே குழி வெட்டிப் போட்டார்கள். 1870களில்தான் எலும்புகளைத் தோண்டித் தெற்கே கொண்டுபோனார்கள்.

நான் போனபோது ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், எண்பது இருக்கும், சாலிக்கு முதுகைக் காட்டி வயலையே பார்த்து நின்றார். தாத்தாவின் தாத்தா அந்த வரிசையில் இருந்தவராம். போனை என்னிடம் நீட்டினார். அவரைத்தான் எடுக்கச் சொல்கிறார் என்று நினைத்து நகரச் சொன்னேன். "இல்லை, நாயின் தலைக்கு மேலிருந்து எடு, அது பார்க்கிற மாதிரி" என்றார். மண்டிபோட்டு, சாலியின் காதுகளுக்கு நடுவே வயல் வருகிற மாதிரி எடுத்தேன். வெறும் புல். பார்த்துத் தலையாட்டினார். முன்னோர் பெயரைக் கேட்டிருக்கலாம். தோன்றவே இல்லை.

காவேரிக்கரை:

ராலே சார், உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வரிசை எதற்காக வந்தது? அடிமைமுறையைக் காப்பாற்ற. அதே படையெடுப்பில் தெற்குத் தளபதி லீயின் படை பென்சில்வேனியாவில் சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பின மக்களைப் பிடித்துக் கட்டித் தெற்கே ஓட்டிப்போனது. அவர்களுக்கு அந்த மேட்டில் எத்தனை கல் இருக்கிறது? நான் போனபோது என் மகள் கேட்டது இது. பதில் சொல்லத் தெரியாமல் ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தேன்.

ராலே வாசி:

மறுக்கவில்லை. தெற்கின் கொடிக்காக நான் வருத்தப்படவில்லை. ஒரு கிழவருக்குப் போட்டோ எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி.

பழைய பஞ்சாங்கம்:

2011இல் முட்டியில் ஆபரேஷன் ஆன புதுசு, அதனால்தான் இறங்கவில்லை. நடுகல் ஒப்பீட்டில் மாற்றமில்லை.

மேரிலாந்து மீனா:

எடிசன் தம்பி, அப்பாவிடம் அப்புறம் கேட்டீர்களா, எத்தனை நாள் என்று?

எடிசன்காரன்:

இந்தப் பதில்களைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி போன் போட்டேன். "அந்தச் சாலி நாய் ஞாபகம் இருக்காப்பா?" என்றேன். இருக்கு என்றார். மணியைப் பற்றிக் கேட்கத்தான் வாயெடுத்தேன், அதற்குள் அவரே, "அந்த மூடிய அங்கயே வெச்சுட்டு வந்துட்டோம்டா. குப்பைன்னு எடுத்துப் போட்டிருப்பானுங்க, இல்ல?" என்றார்.

இருக்கும்பா, அங்கேயேதான் இருக்கும் என்றேன். பக்கத்தில் அம்மா போனைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.