புதுப்பிப்பு: மூடியின் நிறம் மாறிய சிக்கலுக்குக் காரணம் கிடைத்தது

எங்கள் பல்கலைக்கழகத்தின் திறன்மிகு உற்பத்திப் பயிற்சிக்கூடத்தில், மாணவர் நீல மூடி கேட்டுப் பதிந்த பெட்டிக்குச் சில வேளைகளில் சிவப்பு மூடி பொருத்தப்படுவதாகச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். பெட்டியைச் சுமந்து செல்லும் தட்டின் அடியில் உள்ள ஆர்எஃப்ஐடி வில்லையில் (ரேடியோ அலையால் படிக்கப்படும் சிறு அடையாளச் சில்லு) ஆர்டர் எண் மட்டுமே இருக்கிறது. நிறம் முதலிய விவரங்களை ஒவ்வொரு வேலை நிலையத்தின் பிஎல்சியும் (இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) ஓபிசி யுஏ என்ற தொழிற்சாலைத் தகவல்தொடர்பு நெறிமுறை வழியாக மைய மென்பொருளிடம் கேட்டுப் பெறுகிறது. மறுமொழி தாமதமானபோதெல்லாம், முந்தைய தட்டுக்காக வந்து நினைவகத்தில் தங்கியிருந்த மதிப்பையே எடுத்துக்கொண்டு பிஎல்சி வேலையைத் தொடங்கியிருக்கிறது.

வலையமைப்பில்தான் கோளாறு என்று சந்தேகித்த நண்பர்கள் சொன்னது பாதி சரி. தாமதம் சிக்கலை வெளிக்கொண்டுவந்தது, ஆனால் பிழை நாங்கள் எழுதிய நிரலில்தான் இருந்தது. இப்போது மறுமொழியுடன் ஆர்டர் எண்ணும் திரும்பி வருகிறது, அது வில்லையில் உள்ள எண்ணோடு ஒத்தால் மட்டுமே மூடி இறங்கும். வேண்டுமென்றே வலையமைப்பை நெரிசலாக்கி 60 பெட்டிகள் ஓட்டினோம். நிறம் ஒன்றுகூட மாறவில்லை.