ஸ்டெம் செல் பானம் வாங்கலாமா? (சுங்கை சிப்புட், மலேசியா)

தோட்டத்துப் பையன்:
ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஒரு கம்பெனி கூட்டம் போட்டது. ஆப்பிள் ஸ்டெம் செல் பானமாம், பெட்டி 380 வெள்ளி. முழங்கால் வலி, இனிப்புநீர், சிறுநீரகம் எல்லாம் சரியாகும் என்று துண்டறிக்கையிலேயே போட்டிருக்கிறார்கள். 30 வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய அம்மா, சேமநிதிப் பணத்தில் மூன்று பெட்டி வேண்டும் என்கிறார். வாங்கலாமா?

செம்பனைக்காரன்:
தாராளமாக வாங்குங்கள் தம்பி. நான் குடிக்கிறேன், விற்கவும் செய்கிறேன், மறைக்கவில்லை. ஸ்டெம் செல் என்ன புரளியா? ஜப்பானியர் ஷின்யா யாமானாக்காவுக்கு 2012இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய செல் அது.

லேப் மீனா:
நோபல் உண்மைதான் அண்ணே, ஆனால் அவர் பானம் காய்ச்சவில்லை. முதிர்ந்த செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அதைக் கருவில் இருந்த நிலைக்கே திருப்பினார். 2006இல் எலியின் செல், 2007இல் மனிதத் தோல் செல். அப்படிக் கிடைத்ததை ஆய்வகத்தில் வேண்டிய வகையாக வளர்த்து, வேண்டிய இடத்தில் வைக்க வேண்டும். குடித்தால் வயிறு அதை ஆட்டுக்குடல் மாதிரிச் செரித்துவிடும். ஆப்பிள் செல் முழங்காலில் குருத்தெலும்பு ஆகாது.

செம்பனைக்காரன்:
படித்தவர்கள் எப்போதும் இப்படித்தான். எலும்பு மஜ்ஜை மாற்றுவதும் ஸ்டெம் செல் சிகிச்சைதான், அதுவும் ஆரம்பத்தில் தோற்றதுதானே? 1957இல் அமெரிக்க டாக்டர் தாமஸ் செய்தபோது நோயாளிகள் பிழைக்கவில்லை. பலர் கைவிட்டார்கள். 1990இல் அதே மனிதருக்கு நோபல். என்னிடம் வாங்கிய ஒரு பாட்டி இப்போது கைத்தடி இல்லாமல் கோயிலுக்கு நடக்கிறார். அதற்கு என்ன சொல்கிறீர்கள் தங்கச்சி?

லேப் மீனா:
தாமஸ் உதாரணம் எனக்குத்தான் சாதகம். அவர் தோல்விகளை ஒளிக்காமல் எழுதினார். வருடக்கணக்கில் நாய்களில் சோதித்தார். கொடுப்பவர், பெறுபவர் இருவரின் திசு வகையும் பொருந்த வேண்டும், இல்லையென்றால் வந்த செல் நோயாளியின் உடம்பையே தாக்கும் என்பது தெளிவான பிறகுதான் சிகிச்சை நிலைத்தது. உடன்பிறந்தவர் ஒருவர் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். ரத்தப் புற்றுநோயிலும் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறிலும் இன்று ஆட்கள் பிழைப்பது அந்த உழைப்பால். உங்கள் கம்பெனி எந்தத் தோல்வியை எழுதியிருக்கிறது? முழங்கால் வலி தானாகவே ஏறும், இறங்கும். பாட்டி வலி மாத்திரையும் எடுத்தாரா என்று கேட்டீர்களா?

கங்காணி பேரன்:
நடுவில் ஒரு சந்தேகம். ஸ்டெம் செல் இருக்கிறது என்று மகனின் தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியாரிடம் சேமித்து, வருடா வருடம் கட்டணம் கட்டுகிறோம். அதுவும் இந்தக் கதைதானா?

லேப் மீனா:
இல்லை, அதற்கு மருத்துவப் பயன் இருக்கிறது. 1988இல் பாரிஸில் முதல் கொடி ரத்த மாற்று நடந்தது, பிறந்த தங்கையின் ரத்தம் அண்ணனுக்கு. அவனுடைய சொந்தக் கொடி ரத்தத்தை அவனுக்குக் கொடுக்கவில்லை, அதைக் கவனியுங்கள். பிள்ளைக்குத் தலசீமியா என்றால் சேமித்த ரத்தத்திலும் அதே கோளாறு இருக்கும். விற்பவர்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை.

செம்பனைக்காரன்:
சரி, பானம் பிடிக்கவில்லையா, ஊசி போட்டுக்கொள்ளட்டும். வசதியானவர்கள் போடுகிறார்களே!

லேப் மீனா:
வசதி இருந்தால் ஆபத்து வராதா அண்ணே? ஃபுளோரிடாவில் ஒரு கிளினிக், மூன்று பெண்களின் சொந்தக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்லை அவர்கள் கண்களிலேயே செலுத்தியது. கண் தெளியும் என்று போனவர்களுக்குப் பார்வை போனது. 2017இல் மருத்துவ இதழில் வந்தது. அப்புறம், அந்தத் துண்டறிக்கை. இனிப்புநீர், சிறுநீரக நோய்க்கு மருந்து என்று விளம்பரம் செய்வதையே நம் நாட்டின் 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் தடுக்கிறது.

செம்பனைக்காரன்:
துண்டறிக்கை கம்பெனி அச்சிட்டது. நான் அடித்தேனா?

லேப் மீனா:
வீடு வீடாகக் கொடுப்பது யார்?

தோட்டத்துப் பையன்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். மீனா அக்கா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழங்காலை எலும்பு டாக்டரிடம் காட்டச் சம்மதித்துவிட்டார். ஆனால் மூன்று பெட்டி ஒரு பெட்டியாகத்தான் குறைந்திருக்கிறது, பக்கத்து வீட்டு ஆண்டி விடமாட்டேன் என்கிறார். செம்பனைக்காரரே, எந்த நோய்க்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ரசீது தருவீர்களா?